வருமான வரி ஆபீசில் இருந்து கடிதமா? பதற வேண்டாம், பதில் போடாமலும் விட வேண்டாம்!

சென்னை:

வருமான வரி ஆபீசில் இருந்து கடிதம் என்றதும் பலருக்குக் கை கால் உதறல் எடுத்து விடுகிறது. "நாம என்ன கோடி கோடியாவா வெச்சிருக்கோம்? நமக்கு எதுக்கு இன்கம்டாக்ஸ் கடுதாசி?" என்று புலம்பிவிட்டு, அதை அப்படியே பீரோவில் துணிக்கு அடியில் செருகி விடுகிறவர்கள் ஏராளம். மெயிலில் வந்தால் திறந்து கூட பார்ப்பது இல்லை.

வில்லங்கமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை வெறும் கேள்விதான். "உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துப்போகவில்லை, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் போகாவிட்டால், அந்தக் கேள்வி கடனாக மாறி வட்டியோடு வந்து நிற்கும்.

இது பணக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்த காலம் போய்விட்டது. சம்பளம் பேங்கில் ஏறுகிறது. எல்லாவற்றிலும் பான் கார்டு நம்பர் இருக்கிறது. டெபாசிட் வட்டி, பி.எப். பணம் எடுத்தது, சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக போட்டது, 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு, மனை வாங்கியது, விற்றது என்று எல்லா தகவலும் வருமான வரித்துறை கம்ப்யூட்டருக்கு போகிறது. 2021 நவம்பரில் இருந்து இவற்றை 'ஆண்டு தகவல் அறிக்கை' என்ற பெயரில் நாமே பார்க்கும்படி இணையதளத்தில் வைத்திருக்கிறார்கள். ஏ.ஐ.எஸ். என்று சொல்வது அதைத்தான். நாம் மறந்து போன வட்டிப் பணம் கூட அதில் பைசா சுத்தமாக ஏறியிருக்கும்.

முதலில் அது அசல்தானா?

கடிதம் கையில் வந்ததும் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. 'டின்' எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1-ந் தேதி முதல் வருமான வரித்துறை அனுப்பும் ஒவ்வொரு நோட்டீசு, உத்தரவு, சம்மனிலும் இந்த நம்பர் இருக்க வேண்டும் என்பது விதி. விதிவிலக்கான சில சந்தர்ப்பங்கள் தவிர, நம்பர் இல்லாத கடிதம் செல்லாது.

நம்பர் இருந்தால் மட்டும் போதாது. ஏமாற்றுகிறவன் ஏதோ ஒரு நம்பரைப் போட்டு விடலாம். வருமான வரித்துறையின் இணையதளத்தில் முதல் பக்கத்திலேயே நோட்டீசு உண்மையா என்று சரிபார்க்க தனி வசதி இருக்கிறது. பாஸ்வேர்டு தேவையில்லை. அந்த எண்ணையும் உங்கள் செல்போன் நம்பரையும் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதைப் போட்டதும் அப்படி ஒரு கடிதம் அனுப்பியது உண்டா, இல்லையா என்று தெரிந்து விடும்.

அந்த ஓ.டி.பி.யை அந்த இணையதளத்தில் நீங்களே போடுவது வேறு, போனில் யாரோ கேட்டு சொல்வது வேறு. "சார், உங்களுக்கு 15 ஆயிரத்து 490 ரூபாய் ரீபண்டு ஓ.கே. ஆயிடுச்சு, லிங்க்கை அமுக்குங்க" என்று எஸ்.எம்.எஸ். வந்தால் அமுக்கவே கூடாது. ஏ.டி.எம். பின் நம்பர், பேங்க் பாஸ்வேர்டு போன்றவற்றை வருமான வரித்துறை மெயிலிலோ போனிலோ கேட்பது கிடையாது. ரீபண்டு வர வேண்டும் என்றால் ஏற்கனவே பதிவு செய்த பேங்க் கணக்கில் தானாக ஏறும். மெயில் முகவரி 'கவ்.இன்' என்று முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதையும் போலியாக காட்ட முடியும் என்பதால், மெயிலில் உள்ள லிங்க்கை விட்டுவிட்டு நேராக இணையதளத்துக்குப் போய்ப் பார்ப்பதே நல்லது. பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

எந்தப் பிரிவு என்று பாருங்கள்

கடிதம் இங்கிலீசிலும் இந்தியிலும்தான் இருக்கும். முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிரிவு எண், எந்த வருஷத்துக் கணக்கு, எந்த தேதிக்குள் பதில் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதிகம் பேருக்கு வருவது பிரிவு 143(1). இது உண்மையில் நோட்டீசே அல்ல. பெங்களூரில் உள்ள மையத்தில் கம்ப்யூட்டர் உங்கள் ரிட்டர்னை சரிபார்த்து அனுப்பும் தகவல். மெயிலில் வரும் பைலுக்கு பாஸ்வேர்டு இருக்கும். பான் நம்பரை சின்ன எழுத்தில் அடித்து, பிறந்த தேதியை இடைவெளி இல்லாமல் 8 இலக்கமாகச் சேர்த்துப் போட்டால் திறக்கும். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் 2 கட்டம் இருக்கும். ஒன்றில் நீங்கள் கொடுத்த கணக்கு, இன்னொன்றில் அவர்கள் போட்ட கணக்கு. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் எண் மாறுகிறதோ அங்கேதான் பிரச்சினை. கடைசி வரியில் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்றால் சந்தோஷமாக மூடி வைத்து விடலாம்.

பிரிவு 139(9) என்றால் ரிட்டர்னில் குறை இருக்கிறது என்று அர்த்தம். 15 நாளில் சரிசெய்ய வேண்டும். விட்டால் ரிட்டர்னே போடாத மாதிரி ஆகிவிடும். பிரிவு 245 என்றால், பழைய பாக்கி இருக்கிறது, இந்த வருஷ ரீபண்டில் கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கழித்து விடுவார்கள்.

பிரிவு 143(2), 142(1), 148 என்று இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். இவை கணக்கை ஆய்வு செய்யவோ, முடிந்த கணக்கை மறுபடி திறக்கவோ வரும் நோட்டீசுகள். 148-க்கு முன்னால் பொதுவாக 148ஏ என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அந்தக் கட்டத்திலேயே ஒழுங்காக பதில் கொடுத்து முடித்துக் கொண்டவர்கள் உண்டு. இந்த வகை கடிதத்துக்கு ஆடிட்டர் பீசை மிச்சம் பிடிக்க நினைப்பது புத்திசாலித்தனம் அல்ல. பதில் தராவிட்டால் ஒவ்வொரு தடவைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. கையில் இருக்கும் தகவலை வைத்து அதிகாரியே ஒரு கணக்கு போட்டு உத்தரவு போட்டு விடவும் முடியும்.

இங்கே சொன்ன எண்கள் எல்லாம் 1961-ம் ஆண்டு சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரி சட்டம் அமல். அதில் பிரிவு எண்கள் வேறு. ஆனால் முந்தைய வருஷங்களின் கணக்கு பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால், பழைய எண்களோடு கடிதம் வருவது இன்னும் பல வருஷத்துக்கு நிற்காது.

கம்பெனி பிடித்தது, கட்டவில்லை

தொழிலாளர்களை அதிகம் நோகடிப்பது இந்த விவகாரம்தான்.

இப்படி வைத்துக் கொள்வோம். ஒரகடம் பக்கம் ஒரு காண்டிராக்டரிடம் சூப்பர்வைசராக வேலை பார்த்தவர். மாசா மாசம் 1,500 ரூபாய் வரி என்று சம்பளத்தில் பிடித்தார்கள். 12 மாதத்துக்கு 18 ஆயிரம். சம்பள சீட்டில் அது தெளிவாக இருக்கிறது. அவரும் ரிட்டர்னில் 18 ஆயிரம் வரி பிடித்ததாக போட்டு விட்டார். ஆனால் காண்டிராக்டர் அந்தப் பணத்தை அரசுக்கு கட்டவே இல்லை. வரித்துறை கம்ப்யூட்டரில் அவர் பெயரில் வரவு பூஜ்யம். உடனே 18 ஆயிரமும் வட்டியும் கட்டு என்று கடிதம் வந்து விடுகிறது.

ஒருமுறை சம்பளத்தில் பிடித்தாகி விட்டது. அதே வரியை உழைத்தவனிடமே மறுபடி கேட்பது எந்த ஊர் நியாயம்? சட்டமும் இதையேதான் கேட்கிறது. வருமான வரி சட்டம் 1961-ன் 205-வது பிரிவின்படி, ஒருவரின் வருமானத்தில் இருந்து வரி பிடிக்கப்பட்டு விட்டால், பிடித்த அளவுக்கு அவரிடம் திரும்ப வரி கேட்க முடியாது. பிடித்துவிட்டுக் கட்டாதவனிடம்தான் வசூலிக்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1-ந் தேதி தன் அதிகாரிகளுக்கு இதை எழுத்திலேயே தெரிவித்தது. 2016 மார்ச்சில் மறுபடியும் நினைவூட்டியது.

இருந்தும் கம்ப்யூட்டர் கடிதம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு சட்டம் தெரியாது, வரவு இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் தெரியும். நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் இணையதளத்தில் படிவம் 26ஏ.எஸ். எடுத்துப் பார்க்க வேண்டும். சில சமயம் கம்பெனி பணம் கட்டியிருக்கும், பான் நம்பரில் ஒரு எழுத்து தப்பாக போட்டு வேறு யார் கணக்கிலாவது ஏறியிருக்கும். அப்படியானால் கம்பெனி திருத்தக் கணக்கு தாக்கல் செய்தால் வேலை முடிந்தது. கட்டவே இல்லை என்றால், இணையதளத்தில் நிலுவைத் தொகைக்கு பதில் தரும் பகுதிக்குப் போய் 'ஏற்கவில்லை' என்று பதிவு செய்ய வேண்டும். சம்பள சீட்டு, படிவம் 16, பிடித்தம் போக மீதி சம்பளம் ஏறியதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மெண்ட் ஆகியவற்றை இணைக்க வேண்டும். அதோடு, தன் பான் நம்பருக்கு உரிய வருமான வரி அதிகாரி யார் என்று அதே இணையதளத்தில் பார்த்து, 205-வது பிரிவையும் 2015 ஜூன் 1 உத்தரவையும் குறிப்பிட்டு ஒரு மனு கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

இதற்காகத்தான் சம்பள சீட்டை குப்பையில் போடக் கூடாது. வேலையை விட்டு நின்ற பிறகு கம்பெனி வாசலில் போய் நின்றால் செக்யூரிட்டி கூட உள்ளே விட மாட்டார். மாதா மாதம் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தாலே பெரிய உதவி.

'அண்ணே, ரீபண்டு நான் வாங்கித் தர்றேன்'

இது வேறு மாதிரி. இதில் தப்பு நம் பக்கமே வந்து விடுகிறது.

தொழிற்பேட்டைகளில் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறவர்களைத் தேடி புரோக்கர்கள் வருகிறார்கள். "பிடிச்ச காச மொத்தமா திருப்பி வாங்கித் தர்றேன்ணே, எனக்கு பத்து பர்சென்ட் குடுத்தா போதும்" என்பது அவர்கள் பேச்சு. பணமும் நிஜமாகவே வந்து விடும். அதைப் பார்த்து பக்கத்து மிஷின்காரர், அவர் மச்சான் என்று வரிசையாக பேப்பரைக் கொடுத்து விடுகிறார்கள்.

எப்படி வருகிறது அந்தப் பணம்? 2022-23-ம் ஆண்டில் 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கியவரை எடுத்துக் கொள்வோம். பழைய முறையில் 50 ஆயிரம் நிலையான கழிவு, பி.எப். 60 ஆயிரம் போக வரிக்குரிய வருமானம் 6 லட்சத்து 10 ஆயிரம். வரி 35 ஆயிரத்து 880 ரூபாய். கம்பெனி இதைப் பிடித்துக் கட்டி விட்டது. புரோக்கர் என்ன செய்கிறார்? கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, எடுக்காத மெடிக்கல் இன்சூரன்ஸ் என்று 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு பொய்க்கணக்கு எழுதி வருமானத்தை 5 லட்சமாக்கி விடுகிறார். வரி பூஜ்யம். 35 ஆயிரத்து 880 ரூபாய் திரும்பி வந்தது. புரோக்கருக்கு மூவாயிரத்து சொச்சம்.

பிற்பாடு நோட்டீசு வரும்போது புரோக்கர் போன் சுவிட்ச் ஆப். ரிட்டர்ன் உங்கள் பெயரில் போயிருக்கிறது, பணம் உங்கள் கணக்கில் வந்திருக்கிறது, எனவே பொறுப்பும் உங்களுடையது. வாங்கிய 35 ஆயிரத்து 880-ஐ வட்டியோடு கட்ட வேண்டும். பொய்த்தகவல் கொடுத்ததற்கு வரியைப் போல 2 மடங்கு, அதாவது 71 ஆயிரம் ரூபாய்க்கு மேல் அபராதம் போடவும் சட்டத்தில் இடம் உண்டு. மொத்தத்தில் லட்சம் ரூபாயைத் தாண்டி விடும்.

2025 ஜூலை 14-ந் தேதி நாடு முழுவதும் இப்படிப்பட்ட ஏஜெண்டுகள் சம்பந்தப்பட்ட 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் அடக்கம். அதற்கு முந்தைய 4 மாதங்களில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர் தாங்களாகவே ரிட்டர்னை திருத்தி, ரூ.1,045 கோடி அளவுக்கு பொய்யான கழிவுகளை வாபஸ் வாங்கியதாக அப்போது அறிவிக்கப்பட்டது.

அவர்கள் செய்ததுதான் தப்பிக்க வழி. ஆய்வு நோட்டீசு வருவதற்கு முன்பே, திருத்திய புதுப்பிப்பு ரிட்டர்ன் போட்டு விட வேண்டும். 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் இதற்கான அவகாசம் 4 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. தாமதத்துக்கு ஏற்ப வரி, வட்டியின் மேல் 25 சதவீதம் முதல் 70 சதவீதம் வரை கூடுதலாக கட்ட வேண்டியிருக்கும். வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் 2 மடங்கு அபராதத்துக்கு இது எவ்வளவோ மேல்.

இதில் இன்னொரு ஆபத்து யார் கண்ணிலும் படுவது இல்லை. பல புரோக்கர்கள், ஏன் சில பிரவுசிங் சென்டர்காரர்கள் கூட, இணையதளத்தில் பதிவு செய்யும்போது தங்கள் மெயில் முகவரியையும் தங்கள் செல்போன் நம்பரையும் போட்டு விடுகிறார்கள். நோட்டீசு எல்லாம் அவர்களுக்கே போகும். தொழிலாளிக்கு விஷயமே தெரியாது. ஆனால் பதிவான மெயிலுக்கு அனுப்பி விட்டாலே கடிதம் கொடுத்ததாகத்தான் சட்டத்தில் கணக்கு. எனவே கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். ஆதார் ஓ.டி.பி. மூலம் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போய், மெயிலையும் செல்போன் நம்பரையும் சொந்தமானதாக மாற்றி விட வேண்டும். பதில் சொல்லப்படாத நோட்டீசு ஏதாவது தூங்கிக் கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்து விடும்.

கட்ட வேண்டியதுதான் என்றால்

கணக்குப் பார்த்ததில் அவர்கள் சொன்னது சரி என்றால் 30 நாளில் கட்டி விடுவது உத்தமம். அதற்கு மேல் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். 18 ஆயிரம் பாக்கி என்றால் மாதம் 180 ரூபாய். இணையதளத்தில் செலான் எடுத்து ஆன்லைனிலோ, குறிப்பிட்ட பேங்க் கவுன்டரிலோ கட்டலாம். செலானில் நோட்டீசுக்காக கட்டும் வரி என்ற 400-வது தலைப்பைத் தேர்வு செய்ய வேண்டும். பழக்க தோஷத்தில் 300-ஐப் போட்டு விட்டால் பணம் போய் விடும், பாக்கி மட்டும் அப்படியே நிற்கும்.

மொத்தமாக கட்ட வசதி இல்லையா? 30 நாள் முடிவதற்குள் தவணை கேட்டு அதிகாரிக்கு மனு போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. கம்ப்யூட்டர் கணக்கில் வெளிப்படையான தவறு இருந்தால், உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்ததில் இருந்து 4 ஆண்டு வரை திருத்தம் கேட்கலாம். உத்தரவையே எதிர்த்து அப்பீல் போவதாக இருந்தால் 30 நாள்தான். அதற்கான கட்டணம் வருமானத்தைப் பொறுத்து 250 ரூபாயில் ஆரம்பித்து அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்.

கூலி வேலை செய்பவருக்கு கோடிக்கணக்கில் பாக்கி என்று வரும் கடிதம் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. விவகாரமாக இருக்கும். "லோன் வாங்கித் தர்றேன்" என்று பான், ஆதார் நகலை வாங்கி, அந்தப் பெயரில் போலி கம்பெனி ஆரம்பித்து ஓடி விடுவார்கள். தன் பான் நம்பரில் ஏதாவது கம்பெனி பதிவாகி இருக்கிறதா என்று ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இருந்தால் போலீசில் புகார் கொடுத்து அதன் நகலோடு, கடிதம் அனுப்பிய ஜி.எஸ்.டி. ஆபீசிலேயே எழுத்து மூலம் மறுப்பு தெரிவிக்க வேண்டும். வரி உத்தரவே வந்து விட்டால் 3 மாதத்துக்குள் அப்பீல் போக வேண்டும். "நம்ம பேர்ல இல்லாத கடைக்கு நாம ஏன் பதில் போடணும்?" என்று சும்மா இருந்து, பேங்க் கணக்கு முடங்கிய பிறகு அலைவதில்தான் கஷ்டம்.

வருமான வரி இணையதளத்தில் சந்தேகம் இருந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா நம்பரில் வேலை நாட்களில் கேட்கலாம். நேரில் மனு கொடுக்க வருமான வரி அலுவலகங்களில் 'ஆயகர் சேவா கேந்திரா' என்ற கவுன்டர் இருக்கிறது. சென்னையில் நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் உள்ள ஆயகர் பவனுக்குப் போகிறவர்கள், கடிதத்தின் 2 நகல், பான், ஆதார் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது.